இடமிருந்து நான்காவது

குடியாத்தம்
2 ஜனவரி 2024

மதி,

இடமிருந்து நான்காவதாக இருந்தது என் கால். அதை அன்று நான் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டவை இன்னும் உண்டு. ஏலகிரியில் எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். போதும், என்னை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லவில்லை. கம்பெனி பஸ் மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் உங்கள் தோள் என்மேல் வந்து சாய்ந்தது. அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. வாணியம்பாடி தாண்டியதும் பசிக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். மறுநாள் காலையில், அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்தேன். எப்போது வருவேன் என்று சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். கோபத்தினால் இல்லை. போனில் நீங்கள் "அப்புறம்?" என்பீர்கள், நான் "ஒண்ணுமில்ல" என்பேன், வைத்துவிடுவோம். ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவில் தபால் எழுதுவது கேலியாகத்தான் இருக்கும். ஆனால் எழுதும்போது யாரும் குறுக்கே வந்து "சரி, விடு" என்று சொல்ல முடியாது.

அன்று நீங்கள் திரைக்கு முன்னால் நின்றீர்கள். பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதனால் அதைச் சொல்கிறேன்.

சாப்பாடு முடிந்ததும் உங்கள் கம்பெனி இன்பராஜ் சார் மைக்கைப் பிடித்து, இனி கால் ஆட்டம் என்றார். வெளிநாட்டுக் கடைக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு மூடிவிட, உங்கள் ஷூ கம்பெனி வேலையை ஓய்த்து எல்லோரையும் குடும்பத்தோடு மலைக்குக் கூட்டி வருகிறது. வந்தால் இந்த ஆட்டம் இல்லாமல் விடமாட்டார்கள். மனைவிகள் பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும்படி திரை பிடிப்பார்கள். கணவன் தன் மனைவியின் காலைக் கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணமான முதல் டிசம்பரில் நீங்கள் வரிசையை முழுக்கப் பார்க்கக்கூட இல்லை, நேராக வந்து என் முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். பரிசாகக் கொடுத்த ஹாட் பாக்ஸில்தான் இப்போதும் இட்லி வைக்கிறோம்.

இந்தமுறை இன்பராஜ் சார், மெட்டியையும் கொலுசையும் கழற்றச் சொன்னார். அடையாளம் தெரிந்துவிடுமாம். ஆட்டம் கஷ்டமாக இருக்க உங்கள் சாம்பிள் ரூம் பெண்கள் சிலரையும் நடுவில் உட்கார வைத்தார். ஷஹீன் பானு எனக்கு அடுத்த இடம். கழற்ற அவரிடம் எதுவும் இல்லை. வெட்கமாக இல்லையா என்று யாரோ கேட்டதற்கு, "ஒன்றரை வருஷமா சார் கையிலதான் இருக்குது இந்தக் கால். இன்னிக்கு மட்டும் இன்னா வெட்கம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விகல்பமே இல்லாத பேச்சு. நானும் சிரித்தேன்.

உங்கள் முறை வந்தது. உங்கள் செருப்பின் நுனி திரைக்கு அடியில் தெரிந்தது. ஷஹீன் முன்னால் நின்றீர்கள். "இது நம்ம ஷஹீன். முப்பத்தேழு. இடது சுண்டுவிரல் பக்கம் மூணு மில்லி ஜாஸ்தி" என்றீர்கள். கைதட்டல். பிறகு என் முன்னால் வந்தீர்கள். நின்றீர்கள். நான் விரல்களைக்கூட அசைக்கவில்லை, அசைத்தால் ஏமாற்றுவதாக ஆகிவிடும் என்று. செருப்பு நகர்ந்தது. வரிசையின் கடைசியில், "இதுதான் என் பாரதி" என்றீர்கள்.

"மதி சார், அது என் பொண்டாட்டி சார்" என்று மைக்கில் இன்பராஜ் சார் கத்தினார்.

மெட்டியை நான் இன்னும் போடவில்லை. கைப்பைக்குள் இருக்கிறது.

பாரதி

*

ஆம்பூர்
6.1.2024

பாரதி,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கடைசியாக எழுதியது லீவ் லெட்டர். தப்பு இருந்தால் உன் ஸ்கூல் பிள்ளைகள் நோட்டு மாதிரி சிவப்பு மையில் திருத்தாதே.

அது ஒரு விளையாட்டு. இன்பராஜ் சாருக்கே சங்கடமாகிவிட்டது. அவர் மனைவி கமலம் அக்கா எனக்கு வணக்கம் சொல்வதையே விட்டுவிட்டார். தினமும் கேன்டீனில், இன்னா சார், இன்னிக்கு யார் வீட்டுக்குப் போறீங்க என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஷஹீன் பானு விஷயத்தில் நீ தப்பாக நினைக்கிறாய். எந்த லேடீஸ் மாடல் வந்தாலும் முதல் சாம்பிள் முப்பத்தேழு சைஸில்தான் செய்வோம். அதைப் போட்டுப் பார்க்க அந்த அளவுக் கால் ஒன்று வேண்டும். அது அவங்க வேலை. அந்தக் காலைப் பிடித்துப் பார்த்து, எங்கே இறுக்கம், எங்கே லூஸ் என்று எழுதுவது என் வேலை. அவங்க காலைத் தெரிகிற அளவுக்கு அவங்க முகம் எனக்குத் தெரியாது. பர்தாவோடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் தாண்டிப் போய்விடுவேன்.

பொங்கலுக்கு வந்துவிடு. வாசலில் கோலம் போட ஆள் இல்லை. கேஸ் புக் பண்ணிவிட்டேன். ஜாஸ்தி யோசிக்காதே.

மதியழகன்

*

குடியாத்தம்
11 ஜனவரி 2024

மதி,

சிவப்பு மை எடுக்கவில்லை.

ஷஹீன் பானுவின்மேல் எனக்குச் சந்தேகம் இருந்ததா என்றால், இருந்தது. ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு கை கழுவும் இடத்தில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "அக்கா, முன்னாடி எல்லாம் உங்க கால்லதான் சார் ட்ரையல் பார்ப்பாராமே. நான் வந்த புதுசுல, எங்க வீட்ல மாதிரி நடந்து காட்டும்மான்னு சொல்வாரு. உங்க நடையை நான் எங்கக்கா பார்த்தேன், நடந்து காட்றதுக்கு?" என்றார்.

அதைக் கேட்ட பிறகு சந்தேகப்பட ஒன்றும் மீதி இல்லை. சந்தேகம் இருந்தவரைக்கும், நீங்கள் என் காலைத் தாண்டிப் போனதற்கு ஒரு காரணமாவது இருந்தது.

முதல் வருடம் நீங்கள் வேலையிலிருந்து வரும்போது கையில் ஒரு ஷூ பெட்டி இருக்கும். உங்களுக்கு லாட்டரி அடித்த மாதிரி. கட்டிக்கொண்ட பெண்ணின் கால் சரியாக முப்பத்தேழு. சட்டை மாற்றுவதற்குள் பெட்டியைத் திறந்துவிடுவீர்கள். நான் போட்டுக்கொண்டு சமையலறையிலிருந்து வாசல்வரை நடப்பேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். "எங்க கடிக்குது, சொல்லு" என்பீர்கள். நான் படிக்கிற புத்தகத்தைக் கையில் வைத்தபடியே நடப்பேன், கட்டை விரல் என்பேன், குதிகால் என்பேன். நீங்கள் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைப்பீர்கள். இத்தாலியில் யாரோ ஒருத்தி கடிக்காத ஷூ போடுவாள், அதற்கு முதலில் கடி வாங்கியவள் நான் என்று பள்ளியில் பெருமையடித்திருக்கிறேன்.

நான் உண்டானபோது கால் வீங்கியது. சாம்பிள் ஏறவில்லை. நீங்கள்தான் சிரித்துக்கொண்டு, பிறக்கிறவரைக்கும் வேறு கால் பார்க்கிறேன் என்றீர்கள். அது சரிதான். ஆறாம் மாதம் குழந்தை போனது. அதற்குப் பிறகு ஒரு பெட்டியும் நம் வீட்டுக்கு வரவில்லை. நான் மாலையில் செருப்புச் சத்தம் கேட்டதும் உங்கள் கையைத்தான் பார்ப்பேன். டிபன் பாக்ஸ் மட்டும் இருக்கும்.

இதையும் கேளுங்கள், உங்கள் தொழிலுக்கு உதவும். வீக்கம் வடிந்தது, கால் பழையபடி திரும்பவில்லை. சிலருக்கு அப்படி ஆகுமாம், டாக்டர் சொன்னார்; சுமந்ததில் பாதத்தின் வளைவு இறங்கிவிடும், பிறகு ஏறாது. நான் இப்போது முப்பத்தெட்டு. அவள் இருந்தாள் என்பதற்கு என் உடம்பில் மிஞ்சிய அடையாளம் அது ஒன்றுதான். ஊரிலேயே கால் பார்க்கத் தெரிந்த மனிதர் நீங்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒன்றேகால் வருடமாக, நீங்கள் அதைப் பார்க்கவில்லை.

அவளை நானும் பார்க்கவில்லை. எனக்கு மயக்கம் தெளிந்தபோது நீங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தீர்கள். பாண்ட்டில் முழங்கால் அளவுக்கு மணல். "எல்லாம் ஆச்சு, நீ தூங்கு" என்றீர்கள். எங்கே என்று அன்றும் கேட்டேன், பிறகும் கேட்டேன். சரி, விடு என்றீர்கள்.

இப்போது எழுத்தில் கேட்கிறேன். அவளை எங்கே வைத்தீர்கள்?

பாரதி

*

ஆம்பூர்
20.1.2024

பாரதி,

பொங்கலுக்கு வரவில்லை. நான் வைக்கவும் இல்லை. பக்கத்து வீட்டு பில்கிஸ் அக்கா, எல்லா வருஷமும் உங்க வீட்ல இருந்துதானே எங்களுக்குப் பொங்கல் வரும் என்று கேட்டுவிட்டு, அவங்களே பாயசம் செய்து கொடுத்து அனுப்பினாங்க.

உன் லெட்டரை சாம்பிள் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். ஒன்றை உள்ளபடி சொல்கிறேன். நாலாவது கால் முன்னால் நான் நின்றேன் இல்லையா, அப்போது மனசுக்குள் கணக்குப் போட்டேன். முப்பத்தெட்டு. முன்பாதம் அகலம். வளைவு இறங்கியிருக்கு. நிறைய நேரம் நின்று வேலை செய்கிறவங்க போல என்று நினைத்தேன். பாவம் என்று நினைத்தேன். அப்புறம் தாண்டிப் போனேன்.

நான் தேடினது கல்யாணத்தில் பார்த்த காலை. கமலம் அக்கா கால் அப்படி ஒல்லியாக, மேலே எழும்பி இருந்தது. அதனால் உட்கார்ந்துவிட்டேன். மறந்துபோய் இல்லை. நல்லா ஞாபகம் இருந்ததால்தான் தப்பு வந்தது. இது உனக்குப் புரியுமா தெரியவில்லை.

நீ கேட்டதை இப்போ எதற்குப் பேசணும். பேசினால் என்ன ஆகிவிடும்.

ஒன்று செய். வெள்ளைப் பேப்பரில் ஏறி நின்று, இரண்டு காலையும் சுற்றி பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. பென்சிலைச் சாய்க்காதே, நேராகப் பிடிக்கணும். ஒரு நூலை முன்பாதத்தைச் சுற்றிப் பிடித்து அந்த நீளத்தையும் வெட்டி வை. வீட்டில் இருக்கும்போதே நான் எடுத்திருக்க வேண்டியது.

மதி

*

குடியாத்தம்
4 பிப்ரவரி 2024

மதி,

பேப்பரும் நூலும் இதோடு இருக்கின்றன. குனிந்து வரைய முடியாமல் அம்மாவைப் பென்சில் பிடிக்கச் சொன்னேன். மருமகன் கேட்டார் என்றதும் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "பொண்டாட்டி வேணாமாமா அவருக்கு, கால் மட்டும் போதுமாமா?" என்றாள். சிரித்துவிட்டேன். இங்கே வந்த பிறகு அன்றுதான் சிரித்தேன், அதனால் அம்மா அதையே இன்னும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் கால் வரையும்போது பென்சில் ஒருமுறை நின்றது. இந்த ஜெயம்மாள் பெற்ற பெண்ணுக்கு இப்படிக் காலே கிடையாதே என்று தனக்குள் முனகினாள். பிறகு தடவிக் கொடுத்துவிட்டு மீதியை வரைந்தாள்.

நீங்கள் பாவம் என்று நினைத்ததை எழுதியதற்கு நன்றி. அந்த வரியைப் படித்துவிட்டு நான் அன்று வகுப்புக்குப் போகவில்லை. என் முன்னால் நின்று, யாரோ ஒருத்திக்காகப் பாவப்பட்டிருக்கிறீர்கள். அந்தப் பாவத்தில் கொஞ்சம் வீட்டில் எனக்குக் கிடைத்திருக்கலாம்.

பேசினால் என்ன ஆகிவிடும் என்று கேட்டிருந்தீர்கள். அவள் திரும்பி வரமாட்டாள், எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் மட்டும் அவளைப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் மட்டும் அவளைத் தூக்கியிருக்கிறீர்கள். நீங்கள் பேசாவிட்டால் எனக்கு ஒரு வயிறு பெருத்து இறங்கியது, அவ்வளவுதான். என் வகுப்பில் பிள்ளைகளுக்கு, ஆயிரம் வருடத்துக்கு முன்னால் செத்தவர்களை எங்கே புதைத்தார்கள் என்று சொல்லித் தருகிறேன். என் மகளை எங்கே என்று எனக்குத் தெரியாது.

இடத்தை எழுதுங்கள். ஒரு வரி போதும். அன்றைக்கே அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வருகிறேன். வந்து, நீங்களும் நானும் அங்கே போகலாம். இது மிரட்டல் இல்லை. எனக்குத் திரும்பி வர வேறு வழி தெரியவில்லை.

பாரதி

*

ஆம்பூர்
9.3.2024

பாரதி,

பார்சல் அனுப்பியிருக்கிறேன். கறுப்பு, தட்டையான ஷூ. உள்ளே ஆட்டுத்தோல், வெயிலில் வியர்க்காது. ஸ்கூலுக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ரெடிமேட் லாஸ்ட் சரிப்படவில்லை. நாங்கள் ஷூ தைக்கிற அந்தக் கால் அச்சின்மேல் தோல் துண்டுகளை ஒட்டி ஒட்டி உன் காலாக ஆக்கினேன். இடது வலதைவிட ஒரு நூல் அளவு பெரிது. கட்டிங்கில் சத்தார் பாய்தான் தோல் வெட்டிக் கொடுத்தார், தழும்பு ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து. யாருக்கு என்று கேட்கவில்லை. இரண்டு தடவை பிரித்துத் தைத்தேன்.

போட்டு நடந்து பார். எங்கே கடிக்கிறது என்று மட்டும் எழுது. சரி செய்துவிடலாம்.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். இந்த லெட்டருக்கு முன்னால் நாலு பேப்பர் கிழித்தேன்.

மதி

*

குடியாத்தம்
28 மார்ச் 2024

மதி,

பார்சல் வந்தது. பெட்டி இல்லாமல், பழைய லுங்கித் துணியில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி அனுப்பியிருந்தீர்கள். ஷூக்காரர் பெட்டி இல்லாமல் ஷூ அனுப்புவாரா என்று அம்மா கேட்டாள்.

உள்ளே கடிதம் ஏதாவது வைத்திருப்பீர்களோ என்று இரண்டு ஷூவுக்குள்ளும் கை விட்டுப் பார்த்தேன். முன்பக்கம் அமுங்காமல் இருக்கச் செருகிய செய்தித்தாள் மட்டும் இருந்தது. அதையும் பிரித்துப் படித்தேன். வேலூரில் வெயில் கூடும் என்று போட்டிருந்தது.

நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் அது சரியாக இருக்கும். அதுதான் பயம். சரியாக இருந்தால் பரவாயில்லை என்று வீட்டுக்கு வந்துவிடுவேன். நீங்கள் வேலைக்குப் போவீர்கள், நான் பள்ளிக்குப் போவேன், ஹாட் பாக்ஸில் இட்லி வைப்பேன். நடுவில் அவள் இருப்பாள். அவளைச் சுற்றிக்கொண்டு நாம் இருவரும் கால் படாமல் நடப்போம். அப்படி நடந்து பழகிய வீடுதான் அது. இனி என்னால் முடியாது.

நீங்கள் கெட்டவர் இல்லை. என்னைப் பிடிக்காதவரும் இல்லை.

பரீட்சை முடியும்வரை காத்திருப்பேன். ஒரு வரி. அதற்குப் பிறகு வக்கீலைப் பார்ப்பேன்.

பாரதி

*

ஆம்பூர்
20.7.2025

பாரதி,

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது எழுதி. அந்த ஒரு வரியை எழுத முடியாமல்தான் வக்கீல் நோட்டீஸ், மனு, வாய்தா என்று இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நீ நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். கேட்டதைத் தரமுடியாதவன் வேறு எதற்கு மறுக்கணும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வேலூர் கோர்ட் வராண்டாவில் நீ வந்தபோது நான் முதலில் பார்த்தது உன் காலை. அந்த ஷூ. குதிகால் தூக்கவில்லை. முன்பக்க மடிப்பு விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. நிறைய நாள் போட்டு நடந்த ஷூ அது. அதற்கப்புறம் உள்ளே ஜட்ஜ் அம்மா கேட்டது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. வக்கீல் தொட்ட இடத்தில் சம்மதம் என்றேன். தீர்ப்பு சொல்லிவிட்டார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரியும்.

இனி இடத்தைச் சொன்னாலும் நீ வீட்டுக்கு வரவேண்டியதில்லை. எனக்கும் ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. அதனால்தான் எழுத வருகிறதோ என்னவோ.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மதியம் நர்ஸம்மா துணியில் சுற்றிக் கொடுத்தாங்க. எடுத்துக்கொண்டு போக எதாவது கொண்டுவாங்க என்றாங்க. எதைக் கொண்டுவருவது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தார் பாய் கூட இருந்தார். கம்பெனிதான் பக்கம். பைக்கில் போய் ஒரு பெட்டி கொண்டுவந்தார். லாங் பூட் பெட்டி. இருக்கிறதிலேயே அதுதான் நீளம். உள்ளே வெள்ளைப் பேப்பர் மெத்தென்று இருந்தது. பெட்டி முனையில் ஸ்டிக்கர். மாடல் நம்பர், கலர், சைஸ். அதை நகத்தால் சுரண்டினேன். எல்லாம் வந்துவிட்டது, சைஸ் மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது. பாய் போதும் வா என்றார்.

பைக் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் வண்டியை நிறுத்தின ஒருத்தர், தெரிந்தவர், "இன்னா மதி, வீட்டுக்குப் புது ஷூவா?" என்றார்.

ஆமா என்றேன்.

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை பாரதி. இடத்தைச் சொன்னால் எப்படிப் போனோம் என்று கேட்பாய். பெட்டி என்று சொல்லணும். ஆமா என்று சொன்னதைச் சொல்லணும்.

அதற்கு மேல் ஒரு பெட்டியை நம் வாசல் தாண்டிக் கொண்டுவர முடியவில்லை. கம்பெனியில் நாள் முழுக்க பெட்டிக்கு நடுவில்தான் இருக்கிறேன், அங்கே ஒன்றும் இல்லை. வீட்டுத் தெரு திரும்பினால் கை வராது. உன் காலைப் பார்க்காததும் அதற்குத்தான். குழந்தை கால் துணிக்கு வெளியே கொஞ்சம் தெரிந்தது. என் சுண்டுவிரல் அளவு இல்லை. ஒல்லியாக, மேலே எழும்பி, உன்னுடைய அந்த முதல் கால் மாதிரியே இருந்தது. மூடிவிட்டேன்.

பெண் குழந்தை என்று உனக்குத் தெரியும். தலையில் முடி இருந்தது. அது உனக்குத் தெரியாது.

இடம் இது. பாலாற்றங்கரைச் சுடுகாடு. உள்ளே போகவேண்டாம், வெளியே மதிலை ஒட்டி மேற்கே நடந்தால் சின்னக் குழந்தைகளை வைக்கிற பக்கம். கடைசியில் ஒற்றைப் பனைமரம். அதற்கு ஆற்றுப் பக்கமாக ஒரு கருங்கல் இருக்கும், முழங்கால் உயரம். பாய் கொண்டுவந்து நட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருகிற வழியில் சில சமயம் அவர் போய் நிற்பாராம். நான் அதற்கப்புறம் போனதில்லை.

முதல் தடவை கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை. எங்கேயாவது கடிக்கிறதா?

மதியழகன்

*

குடியாத்தம்
3 ஆகஸ்ட் 2025

மதி,

நேற்று போய் வந்தேன். தனியாகத்தான் போனேன்.

மதிலை ஒட்டி நடந்து, பனைமரத்தைக் கண்டுபிடித்தேன். கல் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருந்தது, நிமிர்த்தப் பார்த்தேன், முடியவில்லை. யாரோ அதன்மேல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்திருந்தார்கள். எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. சத்தார் பாயாகத்தான் இருக்கும். அவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ரயில்வே கேட்டில் நீங்கள் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. நானும் ஆமா என்றுதான் சொல்லியிருப்பேன். இதை அப்போதே சொல்லியிருந்தால், அந்தப் பெட்டியை உங்களோடு சேர்ந்து நானும் பிடித்திருப்பேன். அதைச் சொல்லி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. என்றாலும், சொல்லாமல் விட்டவை போதும் என்று எழுதிவிட்டேன்.

ஷூவை ஒரு வருடம் துணியோடு அலமாரியில் வைத்திருந்தேன். மனு போட்ட பிறகு, இனிப் பயமில்லை என்று எடுத்துப் போட்டுக்கொண்டேன். தினமும் அதில்தான் பள்ளிக்குப் போகிறேன். கோர்ட்டுக்கும் அதில்தான் வந்தேன். நேற்றும் அதுதான். ஆற்று மணல் உள்ளே போய்விட்டது. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டையும் கழற்றி உதறிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டேன்.

எங்கும் கடிக்கவில்லை.

அங்கிருந்து நம் வீடு நடக்கிற தூரம்தான். தெருமுனைவரை வந்தேன். மாடியில் உங்கள் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் குடியாத்தம் வண்டியில் ஏறினேன்.

பாரதி